பணியிடை நீக்கத்திற்கு ஓர் எல்லை

திரிசங்குவின் கதையை நாம் எல்லோரும் சிறு வயதில் கேட்டிருக்கிறோம். விண்ணுலகம் அவனை ஏற்றுக்கொள்ள மறுத்தது. மண்ணுலகிற்கும் அவன் திரும்பவில்லை. இரண்டிற்கும் நடுவே தலைகீழாகத் தொங்கினான். ஆயினும் அந்த மன்னனுக்கென்று தனியாக ஒரு சொர்க்கமாவது படைத்துக் கொடுக்கப்பட்டது. நம் அரசாங்க அலுவலகங்களில் இதே போல அந்தரத்தில் நிறுத்தப்படும் ஊழியருக்கு அந்த ஆறுதலும் கிடையாது. அவர் உத்தியோகத்தில் இருக்கிறார். ஆனால் வேலை செய்யக்கூடாது. அவர்மீது ஐயம் இருக்கிறது. ஆனால் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. பேச்சு வழக்கில் 'சஸ்பென்ஷன்' என்றும், அரசாணைகளில் 'தற்காலிகப் பணிநீக்கம்' அல்லது 'பணியிடை நீக்கம்' என்றும் சொல்லப்படுகிற அந்த நிலை எவ்வளவு காலம் நீடிக்கலாம், அதற்குச் சட்டம் வகுத்திருக்கும் எல்லை எது என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

உத்தரவு ஒருவர் கைக்கு வந்துசேரும் நாளை முதலில் எண்ணிப் பார்ப்போம். காலையில் வழக்கம்போல் அலுவலகம் வருகிறார். மேசைமீது ஒரு கடிதம் காத்திருக்கிறது. அரைப் பக்கத்திற்கு மேல் இராது. அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது குறித்து ஆலோசிக்கப்பட்டு வருவதால், உடனடியாகப் பணியிலிருந்து நிறுத்தி வைக்கப்படுகிறார் என்று அதில் கண்டிருக்கிறது. பீரோச் சாவியை ஒப்படைத்துவிட்டு, யார் முகத்தையும் பாராமல் படியிறங்குகிறார். அன்று முதல் முன் அனுமதி இல்லாமல் அவர் தமது தலைமையிடத்தை விட்டு வெளியூர் போகக்கூடாது. வேறு எங்கும் வேலை பார்த்துப் பொருள் ஈட்டக்கூடாது. விடுப்பும் கிடையாது, அடிப்படை விதிகளின் 55-ஆம் விதி அதைத் தடுக்கிறது. பதவி உயர்வுக் குழு அவர் பெயரை எடுத்தால், அதன் முடிவு முத்திரையிட்ட உறைக்குள் போய்விடும். சம்பளத்திற்குப் பதிலாகப் பிழைப்பூதியம் என்ற ஒரு தொகை வரும். தெருவில் எதிர்ப்படுகிறவர்கள், "என்ன, இன்று ஆபீஸ் இல்லையா?" என்று கேட்பார்கள். முதல் வாரத்தில் அக்கேள்வி அக்கறையால் வருவது. மூன்றாம் மாதத்தில் எப்படிப்பட்டது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவும் நேர்ந்த பின்னும், சட்டத்தின் கண்ணில் அவர் தண்டிக்கப்படவில்லை. இதுதான் இப்பொருளின் உயிர்நிலை. பணியிடை நீக்கம் தண்டனை அல்ல, விசாரணைக்கு வழிவிடும் ஓர் ஏற்பாடு மட்டுமே என்று நம் நீதிமன்றங்கள் பன்முறை கூறியிருக்கின்றன. நியமிக்கும் அதிகாரம் உடையவருக்கு நிறுத்தி வைக்கும் அதிகாரமும் உண்டு என்பது 1897-ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டத்திலேயே, அதன் 16-ஆம் பிரிவில், சொல்லப்பட்டிருக்கிறது. மத்திய அரசாங்க ஊழியர்களைப் பொறுத்தவரை, 1965-ஆம் ஆண்டின் மத்திய சிவில் பணி விதிகளில் 10-ஆம் விதி அந்த அதிகாரத்தை விரித்துரைக்கிறது. ஒழுங்கு நடவடிக்கை நடந்துகொண்டிருந்தாலோ, ஆலோசனையில் இருந்தாலோ, குற்றவியல் வழக்கில் புலனாய்வோ விசாரணையோ நடைபெற்று வந்தாலோ, நாட்டின் பாதுகாப்பிற்கு ஊறான செயலில் ஊழியர் ஈடுபட்டிருப்பதாக அதிகாரி கருதினாலோ அவரை நிறுத்தி வைக்கலாம். 48 மணி நேரத்திற்கு மேல் ஒருவர் காவலில் வைக்கப்பட்டால், உத்தரவு தனியே தேவையில்லாத வண்ணம், அவர் நிறுத்தி வைக்கப்பட்டவராகவே கருதப்படுவார்.

இப்படி ஓர் அதிகாரம் அவசியந்தானா என்று கேட்டால், அவசியமே என்றுதான் நாமும் சொல்வோம். கருவூலக் கணக்கில் கையாடல் நடந்ததாக ஐயம் எழுகிறது. ஐயத்திற்கு ஆளானவரே அந்தப் பேரேடுகளைத் தொடர்ந்து கையாண்டு வந்தால் விசாரணை எப்படி நடக்கும்? ஒரு மேலதிகாரி லஞ்சம் கேட்டதாகப் புகார். அவர் அதே நாற்காலியில் அமர்ந்திருக்க, அவருக்குக் கீழே வேலை செய்யும் குமாஸ்தா எந்தத் தைரியத்தில் சாட்சி சொல்வார்? ஆவணத்தையும் சாட்சியையும் காக்க, ஐயத்திற்கு ஆளானவரைச் சற்று ஒதுக்கி வைப்பது நியாயமே. ஆனால் அந்த நியாயத்திற்குள்ளேயே அதன் எல்லையும் அடங்கியிருக்கிறது. ஆவணங்களைக் கைப்பற்றி, சாட்சிகளின் வாக்குமூலத்தை எழுதி வாங்கியானபின், ஒதுக்கி வைத்ததன் காரணம் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. காரணம் தீர்ந்த பின்னும் உத்தரவு தீராமல் இருக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

தண்டனை அல்ல என்று சட்டம் சொல்வதில் ஊழியருக்கு நன்மை இருப்பது போலத் தோன்றும். உண்மையில் அதில் ஓர் இடர் ஒளிந்திருக்கிறது. அரசாங்க ஊழியரை வேலையிலிருந்து அடியோடு நீக்குவதாயிருந்தால், அரசியல் சட்டத்தின் 311-ஆம் பிரிவின்படி அவருக்குக் குற்றச்சாட்டைத் தெரிவித்து, அவர் தரப்பைக் கேட்டு, முறையான விசாரணை நடத்தியாக வேண்டும். நிறுத்தி வைப்பது தண்டனை அல்ல என்பதால், இந்தக் காப்புகளில் எதுவும் அதற்கு முன்னதாகத் தேவைப்படுவதில்லை. நோட்டீஸ் இல்லை, விளக்கம் கேட்பதில்லை. ஆகவே ஒருவரைத் தண்டிப்பது கடினம். தண்டிக்காமலே துன்புறுத்துவது சுலபம் என்ற விபரீதம் விளைகிறது. சில நாள் சம்பளத்தைப் பிடிப்பதற்கும் விசாரணை வேண்டும். பல ஆண்டு அரைச் சம்பளத்தில் உட்கார வைப்பதற்கு ஒரு கையெழுத்துப் போதும். இவ்விரண்டுக்கும் நடுவே தடுப்பாக நிற்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான், அது காலம். தற்காலிகம் என்ற சொல் தற்காலிகமாக இருக்கும் வரையில்தான் அது தண்டனை அல்ல.

இது வெறும் வாதம் அல்ல என்பதற்கு, உச்ச நீதிமன்றம் 1987-ல் தீர்த்த ஒரு வழக்கு சான்று. மத்தியப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராக இருந்த ஒருவர் 1959-ல் நிறுத்தி வைக்கப்பட்டார். ஏறத்தாழ 11 ஆண்டுகள் அந்த நிலையிலேயே இருந்தார். அவர்மீது தொடங்கிய ஒழுங்கு நடவடிக்கை சுமார் 20 ஆண்டுகள் இழுத்தடிக்கப்பட்டது. ஒரு மனிதனின் உத்தியோக காலம் முழுவதுமே 30 அல்லது 35 ஆண்டுகள்தாம். அதில் மூன்றில் ஒரு பங்கு வீட்டுத் திண்ணையில் கழிந்தது. குழந்தை பிறந்து, பள்ளிக்கூடம் போய், ஐந்தாம் வகுப்பைத் தாண்டுகிற கால அளவு அது. நிறுத்தி வைப்பதைத் தண்டனை அல்ல என்று ஏட்டளவில் சொல்லிக்கொண்டாலும், இவ்வளவு நீண்ட காலம் அது நீடித்தால் அனுபவிக்கிறவருக்கு விளைவு தண்டனையேதான் என்பதை நீதிமன்றம் அவ்வழக்கில் உணர்த்தியது.

இத்தகைய அனுபவங்களுக்குப் பின்னரே விதி திருந்தியது. 2004-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த ஒரு திருத்தத்தின்படி, மேலே நாம் குறிப்பிட்ட 10-ஆம் விதியில் இரண்டு உட்பிரிவுகள் சேர்க்கப்பட்டன. அவற்றின் சாரம் எளிது. நிறுத்தி வைத்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள், அதற்கென்று அமைக்கப்பட்ட மறு ஆய்வுக் குழுவின் பரிந்துரையைப் பெற்று, உத்தரவை நீட்டிப்பதா, விலக்குவதா என்று அதிகாரி முடிவு செய்ய வேண்டும். நீட்டிப்பதானால் ஒரு தடவைக்கு 180 நாட்களுக்கு மேற்படாமல் நீட்டிக்கலாம். அந்தக் கெடு முடிவதற்கு முன் மீண்டும் ஆய்வு செய்ய வேண்டும். மறு ஆய்வு செய்து நீட்டிக்காவிட்டால், 90 நாட்களுக்குப் பிறகு உத்தரவு செல்லாது. காவலில் இருப்பதன் காரணமாக நிறுத்தி வைக்கப்பட்டவர் 90 நாள் கடந்தும் காவலிலேயே இருந்தால் மட்டும் இதற்கு விலக்கு உண்டு. அவர் விடுதலையான பிறகு அந்த எண்ணிக்கை தொடங்கும்.

ஓர் உதாரணத்தால் இதை விளக்கலாம். ஜனவரி முதல் நாள் ஒருவரை நிறுத்தி வைத்தார்கள் என்று கொள்வோம். லீப் ஆண்டாக இல்லாவிட்டால், மார்ச் 31-ஆம் தேதியோடு 90 நாட்கள் நிறைகின்றன. ஏப்ரல் பிறப்பதற்கு முன் குழு கூடி, அதிகாரியும் உத்தரவு பிறப்பித்திருக்க வேண்டும். குழுவில் ஒருவர் சுற்றுப்பயணம் போயிருந்தார், கோப்பு மேலிடத்திலிருந்து திரும்பவில்லை, நிதியாண்டு இறுதியில் வேலை மிகுதி என்ற சமாதானங்கள் விதிக்குத் தெரியா.

தெரியா என்பதை உச்ச நீதிமன்றமே 2009 டிசம்பரில், தீபக் மாலி வழக்கில், ஐயத்திற்கு இடமின்றி உறுதிப்படுத்தியது. அந்த ஊழியர் 2002-ல் நிறுத்தி வைக்கப்பட்டவர். புதிய விதி வந்த பின்னர், அதில் குறித்த 90 நாட்களுக்குள் மறு ஆய்வு நடக்கவில்லை; காலம் கடந்து நடந்தது. காலங்கடந்த ஆய்வினால், ஏற்கெனவே செயலற்றுப் போன உத்தரவுக்கு மீண்டும் உயிரூட்ட முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தில் சில கெடுக்களைத் தவறவிட்டால் மன்னிப்புக் கேட்டுச் சரிசெய்துகொள்ளலாம். இது அத்தகைய கெடு அன்று. விளக்கில் எண்ணெய் தீர்ந்து சுடர் அணைந்தபின் எண்ணெய் வார்ப்பதால் அது எரிந்துவிடாது.

ஆனால் இந்த விதியிலும் ஒரு குறை இருப்பதை நேயர்கள் கவனித்திருப்பார்கள். தவறாமல் ஆய்வு செய்து, 180 நாட்கள், பின்னும் 180 நாட்கள் என்று நீட்டித்துக்கொண்டே போனால் என்ன செய்வது? கெடு ஒவ்வொன்றும் மதிக்கப்பட்டிருக்கும். மனிதர் மட்டும் அந்தரத்திலேயே இருப்பார். இந்தக் கேள்விதான் 2015 பிப்ரவரி 16-ஆம் நாள் தீர்க்கப்பட்ட அஜய்குமார் சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் நின்றது. காஷ்மீரில் பாதுகாப்புத் துறை நிலங்களைக் கவனித்து வந்த ஓர் அதிகாரி, சுமார் 4 ஏக்கர் நிலம் தொடர்பாகத் தடையின்மைச் சான்று வழங்கியதில் தவறு செய்ததாக 2011 செப்டம்பர் இறுதியில் நிறுத்தி வைக்கப்பட்டார். நீட்டிப்பு மேல் நீட்டிப்பாக ஆண்டுகள் கடந்தன.

நீதிபதிகள் விக்கிரமஜித் சென்னும் சி. நாகப்பனும் அளித்த அத்தீர்ப்பு, இப்பொருளில் நாடு முழுவதும் மேற்கோள் காட்டப்படுவது. குற்றச்சாட்டு வகுக்கப்படுவதற்கு முன் ஒருவரை நிறுத்தி வைப்பது இயல்பாகவே குறுகிய காலத்திற்கு உரியது என்று அவர்கள் கருதினார்கள். என்ன குற்றம் என்றே முறைப்படி சொல்லப்படாத நிலையில், சமூகத்தின் ஏளனத்தையும் சக ஊழியர்களின் ஐயப் பார்வையையும் அவர் சுமக்க நேர்வதை எடுத்துக்காட்டினார்கள். குற்றவியல் சட்டத்திலிருந்து ஓர் ஒப்புமையையும் கொண்டார்கள். கொலைக் குற்றம் சாட்டப்பட்டவரைக்கூட 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீனில் விட்டாக வேண்டும் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 167-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தின் 187-ஆம் பிரிவிலும் அந்தக் காப்பு தொடர்கிறது. உடலைச் சிறைப்படுத்துவதற்கே ஓர் எல்லை இருக்கும்போது, மானத்தையும் பிழைப்பையும் நிறுத்தி வைப்பதற்கு எல்லை வேண்டாமா என்பதே அந்த ஒப்புமையின் கருத்து.

இவ்வாறு ஆராய்ந்து அவர்கள் வகுத்த நெறி இதுதான். மூன்று மாதங்களுக்குள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்கப்படாவிட்டால், நிறுத்தி வைக்கும் உத்தரவு அதற்கு மேல் நீடிக்கக்கூடாது. குறிப்பாணை வழங்கப்பட்டிருந்தால், நீட்டிப்பதற்கான காரணங்களை விளக்கி உத்தரவு பிறப்பிக்க வேண்டும். அரசாங்கத்தின் அச்சத்திற்கும் அவர்கள் வழி சொன்னார்கள். அந்த ஊழியரை மாநிலத்திற்குள்ளோ வெளியிலோ வேறோர் அலுவலகத்திற்கு மாற்றலாம். விசாரணைக்கு உரிய ஆவணங்களைக் கையாளவோ, தொடர்புடையவர்களைச் சந்திக்கவோ கூடாது என்று தடுக்கலாம். சாட்சியைக் காக்க வேண்டும் என்பதற்காக ஒருவரைச் சோம்பியிருக்க வைக்க வேண்டியதில்லை என்பது இதன் பொருள்.

அந்த வழக்கின் முடிவில் ஒரு முரண் இருக்கிறது. வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் அந்த அதிகாரிக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்கப்பட்டுவிட்டது. ஆகவே, தம் பெயரால் நாடு முழுவதும் அறியப்படும் அந்த நெறியின் பயன் அவருக்கே உடனடியாகக் கிட்டவில்லை. தாம் நட்ட மரத்தின் நிழலில் பிறர் இளைப்பாறும்படி நேர்ந்தது. மத்திய அரசாங்கம் 2016 ஆகஸ்டில் எல்லாத் துறைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பி, நிறுத்தி வைத்த 90 நாட்களுக்குள் குறிப்பாணை வழங்குவதை உறுதி செய்யுமாறு பணித்தது.

இங்கே நாம் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். விதியில் உள்ள 90 நாளும், தீர்ப்பில் உள்ள மூன்று மாதமும் ஒன்றென்று பலர் எண்ணுகிறார்கள். அவை இரண்டும் வெவ்வேறு கடிகாரங்கள். முதலாவது, மறு ஆய்வு நடந்ததா என்று கேட்கிறது. இரண்டாவது, குற்றச்சாட்டு வழங்கப்பட்டதா என்று கேட்கிறது. ஒன்று சரியாக ஓடுவதால் மற்றது நின்றுவிடலாம் என்று அர்த்தமில்லை.

இரண்டாவது கடிகாரத்தைப் பற்றி நீதிமன்றங்களிடையே கருத்து வேற்றுமை எழுந்ததையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மாநில அரசாங்க ஊழியர்களுக்கு அந்தந்த மாநிலத்தின் விதிகளே பொருந்தும். அவை எல்லாவற்றிலும் மத்திய விதியைப் போன்ற 90 நாள் கெடு இல்லை. அத்தகைய இடங்களில், மூன்று மாதம் கழிந்த அளவிலேயே உத்தரவு தானாக ஒழிந்துவிடுமா என்ற வினா பிறந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022 மார்ச்சில், 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அவ்வாறு விலக்கற்ற ஒரு விதியை வகுக்கவில்லை என்று கருதியது. அதற்காக மாநில ஊழியர்கள் எல்லையற்ற வெளியில் விடப்பட்டிருக்கிறார்கள் என்று எண்ணக்கூடாது. தமிழ்நாட்டில் ஒரு காவல்துறை உயர் அதிகாரி ஆறு ஆண்டுகளுக்கு மேல் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2018 ஆகஸ்டில், அதை இனியும் நீட்டிப்பதால் ஒரு பயனும் இல்லை என்று கூறி, அவரை மீண்டும் பணியில் அமர்த்தச் செய்தது. முக்கியமல்லாத ஒரு பதவியில் அவரை வைத்துக்கொள்ளும் உரிமையை அரசாங்கத்திற்கு விட்டது. உத்தரவு தானே ஒழியாவிட்டாலும், கேட்டால் ஒழிக்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. ஆனால் கேட்பதற்கு வக்கீல் வேண்டும். வக்கீலுக்குப் பணம் வேண்டும். அரைச் சம்பளக்காரருக்குத் தானே ஒழியும் உத்தரவுக்கும், வழக்காடி ஒழிக்கும் உத்தரவுக்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று.

இனி அந்த அரைச் சம்பளத்தைப் பற்றிச் சிறிது பார்ப்போம். அடிப்படை விதிகளின் 53-ஆம் விதி பிழைப்பூதியத்தை நிர்ணயிக்கிறது. அரைச் சம்பள விடுப்பில் போனால் எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவு, அதற்குரிய அகவிலைப்படியுடன், முதல் மூன்று மாதம் கிடைக்கும். பிறகு, தாமதத்திற்கு ஊழியர் காரணமல்லர் என்றால், அத்தொகையில் பாதி வரை கூட்டிக் கொடுக்கலாம். அவரே காரணம் என்றால் பாதி வரை குறைக்கலாம். மாதம் 40,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் வாங்கியவருக்கு 20,000 ரூபாய் ஆகும்; அது 30,000 வரை உயரலாம், அல்லது 10,000 வரை தாழலாம். வேறு வேலை பார்க்கவில்லை என்று அவர் சான்று எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தத் தொகை தருமமோ சலுகையோ அல்ல. கைகளைக் கட்டிவிட்டவர் வாய்க்கு உணவளிக்கக் கடமைப்பட்டவர் என்ற நியாயத்தின் மேல் எழுந்தது.

அந்த நியாயம் மீறப்பட்டால் விசாரணையே பழுதாகிவிடும் என்பதற்கு 1973-ஆம் ஆண்டின் ஒரு தீர்ப்பு சிறந்த எடுத்துக்காட்டு. மத்தியப் பிரதேசத்தில் நிறுத்தி வைக்கப்பட்ட ஒரு வனச்சரக அலுவலர் ரீவாவில் இருந்தார். அவர்மீதான விசாரணை ஜகதல்பூரில் நடந்தது. இரண்டிற்கும் இடையே சுமார் 500 கிலோமீட்டர். பிழைப்பூதியம் வரவில்லை; பயணத்திற்குப் பணமில்லை என்று அவர் தெரிவித்தார். சாட்சிகளின் வாக்குமூலம் 1965 பிப்ரவரியில் பதிவாயிற்று. முதல் பிழைப்பூதியமோ மார்ச்சில்தான் அவருக்குக் கிடைத்தது. தம் தரப்பைச் சொல்ல அவருக்கு உண்மையான வாய்ப்புக் கிட்டவில்லை என்று கூறி, அவரை வேலையிலிருந்து நீக்கிய உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்துச் செய்தது.

மகாராஷ்டிரத்தில் வேறொரு விந்தை நடந்தது. குற்றவாளி என்று கீழ்நீதிமன்றத்தில் தீர்ப்பாகி, மேல்முறையீடு நிலுவையில் இருக்கும் ஊழியருக்கு மாதம் ஒரு ரூபாய் பிழைப்பூதியம் என்றோர் விதி அங்கே இருந்தது. ஒரு ரூபாயில் ஒரு மாதம் பிழைப்பது எப்படி என்று விதியை எழுதியவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. உச்ச நீதிமன்றம் 1983-ல் அதைச் செல்லாது என்று தள்ளியது. கோலார் தங்க வயலில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த ஒருவர் 1985-ல் நிறுத்தி வைக்கப்பட்டு, பிழைப்பூதியமின்றிக் கேரளத்திலுள்ள தம் ஊருக்குப் போய்விட, அவர் இல்லாமலே விசாரணை முடிந்து வேலை போயிற்று. பின்னர் குற்றவியல் வழக்கில் அவர் விடுதலையானார். உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் வேலையில் அமர்த்த உத்தரவிட்டது 1999-ல். இடையில் போனவை 14 ஆண்டுகள்.

விசாரணை முடிந்து குற்றமற்றவர் என்று தீர்ந்தால் என்ன ஆகும்? அடிப்படை விதிகளின் 54-ஆ பிரிவின்படி, நிறுத்தி வைத்தது முற்றிலும் நியாயமற்றது என்று தெரிந்தால் அந்தக் காலம் முழுவதும் பணிக்காலமாகக் கருதப்பட்டு முழுச் சம்பளமும் கிடைக்கும். இறுதியில் சிறு தண்டனை மட்டுமே விதிக்கப்பட்டாலும், நிறுத்தி வைத்தது நியாயமற்றது என்றே கொள்ள வேண்டுமென்று மத்திய அரசாங்கம் 1985 டிசம்பரில் விளக்கியிருக்கிறது. அதே விதியில் இன்னோர் ஏற்பாடும் உண்டு. நடவடிக்கை முடிவதற்குள் ஊழியர் இறந்துவிட்டால், நிறுத்தி வைத்த நாள் முதல் இறந்த நாள் வரை பணிக்காலமாகக் கருதி, பிழைப்பூதியம் போக மீதிச் சம்பளத்தைக் குடும்பத்திற்குத் தரவேண்டும். கருணையுள்ள விதிதான். ஆயினும் உயிரோடிருந்தபோது கோப்பு தர மறுத்த முடிவை மரணம் தந்துவிடுகிறதே என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

பொதுமக்களாகிய நமக்கு இதில் என்ன என்று சிலர் கேட்கலாம். ஊழல் செய்தவர்கள் மேல் இவ்வளவு இரக்கம் எதற்கு என்றும் கேட்கலாம். இருவருக்கும் ஒரே பதில்தான். நிறுத்தி வைக்கப்பட்டவர் குற்றவாளியாயிருந்தால், அவர் பல ஆண்டுகள் நம் வரிப்பணத்தில் அரைச் சம்பளமோ முக்கால் சம்பளமோ வாங்கிக்கொண்டு வீட்டில் இருப்பதை நாம் விரும்பமாட்டோம். விரைவில் விசாரித்து வெளியேற்றுவதையே விரும்புவோம். நிரபராதியாயிருந்தால், அவர் செய்யாத வேலைக்கு முழுச் சம்பளத்தையும் பின்னால் நாமே கொடுக்க நேரும்; இடையில் அவர் செய்திருக்கக்கூடிய வேலை நமக்குக் கிடைக்காமல் போயிருக்கும். ஆகவே தாமதத்தால் லாபம் அடைகிறவர் எவரும் இல்லர். கோப்பைத் தள்ளிப்போடும் பழக்கம் ஒன்றே அதனால் வாழ்கிறது. காலவரம்பு விசாரணைக்கு எதிரி அன்று. விசாரணையை விரைவுபடுத்தும் தார்க்குச்சி அது.

இறுதியாக இரு தரப்பினருக்கும் ஒவ்வொரு சொல். நிறுத்தி வைக்கப்பட்ட ஊழியர் தம் உத்தரவின் தேதியையும், அது கைக்கு வந்த தேதியையும், குறிப்பாணை வந்த தேதியையும், ஒவ்வொரு நீட்டிப்பின் தேதியையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பிழைப்பூதியச் சான்றைத் தவறாமல் அனுப்ப வேண்டும். மூன்று மாதம் முடிந்ததும் அதை உயர்த்தும்படி எழுதிக் கேட்க வேண்டும். விசாரணைக்கு வாய்தா கேட்டுத் தாமதத்தின் பழியைத் தாமே ஏற்கலாகாது. உத்தரவில் கையெழுத்திடும் அதிகாரியோ, பேனாவை மூடுவதற்கு முன் நாட்காட்டியை எடுத்து, 90-ஆம் நாள் எது என்று பார்த்து அங்கே ஒரு கோடு போட்டு வைக்கட்டும். அந்த நாளுக்குள் குற்றம் இன்னதென்று எழுத முடியாவிட்டால், ஒரு மனிதரின் பிழைப்பை நிறுத்தி வைப்பதற்குரிய காரணம் தம்மிடம் இருக்கிறதா என்பதை அவர் அந்த ஒரு கணம் சிந்தித்தால் போதும். விதிகளும் தீர்ப்புகளும் அவரிடம் கேட்பது அதைத்தான்.